பொங்கல் லீவில் காப்பி நோட்டு வேண்டாம்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் என்னிடம் வரும் பெற்றோர் பலருக்கும் ஒரே கேள்விதான்: "மேடம், லீவுல எழுத என்ன குடுக்கலாம்?" எழுத்து கோட்டில் நிற்கவில்லை, அரைப் பக்கத்திலேயே கை வலிக்கிறது என்கிறான் என்று மிஸ் டைரியில் எழுதி அனுப்பியிருப்பார். நாலு கோடு நோட்டு வாங்கி, தினம் இரண்டு பக்கம் என்று முடிவும் செய்துவிட்டுத்தான் வருவார்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக, அதாவது எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பிள்ளைகளின் கையையும் உடம்பையும் பழக்கும் சிகிச்சையாளராக, நான் முதலில் சொல்வது, அந்த நோட்டைப் பையிலேயே வையுங்கள் என்பதுதான்.

பென்சிலைப் பிடிப்பது விரல். அந்த விரலை ஆடாமல் வைப்பது மணிக்கட்டு, அதைத் தாங்குவது தோள், தோளைத் தாங்குவது முதுகும் வயிறும். அங்கே பலம் போதாத பிள்ளைதான் மேஜைமேல் கவிழ்ந்துகொண்டு, பென்சிலை நெரித்துப் பிடித்து எழுதும். மணிக்கட்டில் இருக்கும் 8 சிறு எலும்புகளும் பிறக்கும்போது குருத்தெலும்புதான், வருடக் கணக்கில் ஒவ்வொன்றாகக் கெட்டிப்படும். யூகேஜி பிள்ளைக்கு அந்த வேலை இன்னும் முடிந்திருக்காது. அந்தக் கையை வைத்து இன்னும் நாற்பது பக்கம் எழுதச் சொன்னால், தப்பான பிடிதான் பழகும்.

பொங்கல் சமயத்தில் வீட்டிலேயே வேலை கொட்டிக் கிடக்கிறது. பச்சை மொச்சையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கை காயைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கை நுனியைக் கிள்ளி நரம்பை இழுக்க வேண்டும், கட்டைவிரல் உள்ளே நுழைந்து கொட்டையைத் தள்ள வேண்டும். இரண்டு கைக்கும் வேறு வேறு வேலை. நோட்டை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மறு கையால் எழுதுவதற்கும், கத்தரிக்கோல் பிடிப்பதற்கும் இதே திறமைதான் வேண்டும். வேலூர், கிருஷ்ணகிரிப் பக்கம் மொச்சையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கி எடுப்பார்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சந்திக்காமல் அது நடக்காது. நான் காசு கொடுத்து வாங்கி வைத்திருக்கும், கிளிப்பை விரலால் அமுக்கி மாட்டும் பொம்மைகளைவிட அது நல்ல பயிற்சி. மூன்று வயதுத் தம்பி பக்கத்தில் இருந்தால் மட்டும் கவனம், கொட்டை மூக்குக்குள் போய்விடும்.

அப்புறம் கோலம். பிள்ளை குந்தி உட்காரும்போது குதிகால் தரையில் படிகிறதா என்று பாருங்கள். பின்னால் சாய்ந்து விழுகிறான், நுனிக்காலிலேயே நிற்கிறான் என்றால் குறித்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் சாக்பீஸ் போதும். மூன்றுக்கு மூன்று நேர்ப்புள்ளி வைத்துச் சேர்க்கட்டும். நேர்க்கோடு சுலபம், சாய்கோடு கடினம். முக்கோணம் வரைவது பல பிள்ளைகளுக்கு ஐந்து வயது வாக்கில்தான் கைவரும். அதனால் நாலு வயதுக்காரியிடம் நட்சத்திரக் கோலம் கேட்காதீர்கள். புள்ளியைச் சுற்றி வளைக்கும் சிக்குக் கோலம் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சரியாக இருக்கும். அந்த வளைவும் சுழியும் பழகிய கைக்கு 'ஞ'வும் 'ழ'வும் அவ்வளவு மிரட்டாது. மாவைக் கையில் தொடவே கூசும் பிள்ளையைக் கட்டாயப்படுத்தாமல் ஸ்பூனில் தூவவிடுங்கள், விரல் தானாக இறங்கும்வரை காத்திருக்கலாம்.

"பையனுக்கு எதுக்கு மேடம் கோலம்?" என்று கேட்கும் அப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். கையெழுத்துச் சிக்கல் என்று என்னிடம் வருவதில் பாதிக்கு மேல் பையன்கள்தான் என்பதை மட்டும் அவர்களிடம் சொல்வேன்.

சட்டைக் காலரையும் பென்சில் முனையையும் மென்றுகொண்டே இருக்கும் பிள்ளைகளுக்குக் கரும்பு ஒரு வரம். தாடைக்குக் கிடைக்கும் அந்த அழுத்தத்தைத்தான் அவர்கள் காலரில் தேடுகிறார்கள். தோல் சீவி, சின்னத் துண்டாக, உட்கார்ந்து மெல்லட்டும், பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டும். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு வேண்டாம். (ஆறு வயதுக்காரருக்கு முன்பல் ஆடிக்கொண்டிருக்கும், கடைவாயில் கொடுங்கள்.)

போகி மேளச் சத்தத்துக்குக் காதைப் பொத்தி அழும் பிள்ளையிடம், விடிகாலையில் இப்படிச் சத்தம் வரும் என்று முந்தின நாளே சொல்லி வையுங்கள். மேளத்தை அவன் கையிலேயே கொடுத்துப் பாருங்கள். தானே எழுப்பும் சத்தம் பல பிள்ளைகளுக்கு அவ்வளவு தொந்தரவு தருவதில்லை. மற்ற பண்டிகைகளிலும் கைக்கு இப்படி வேலை உண்டு: கொழுக்கட்டை உருட்டுவது, முறுக்கு அச்சைத் திருகுவது, கார்த்திகைக்குத் திரி திரிப்பது, கிறிஸ்துமஸ் குடிலுக்கு வைக்கோல் கிழித்துப் பரப்புவது.

எந்த வேலையானாலும் கடைசிப் படியைப் பிள்ளைக்கு விடுங்கள். கொங்குப் பக்கம் ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை சேர்த்துக் காப்புக் கட்டுவார்களே, அதில் முடிச்சை நீங்கள் போட்டுக் கொடுங்கள், இழுத்து இறுக்குவது மட்டும் அவன் வேலை. அது பழகிய பிறகு நுனியை வளையத்துக்குள் நுழைப்பதையும் அவனிடம் விடலாம். ஷூ லேஸுக்கும் இதே வழிதான். எந்த வேலையும் பத்து நிமிடம் நடந்தால் போதும், சலிப்பு வருவதற்குள் நிறுத்திவிடுங்கள். பிள்ளையின் கையைப் பிடித்து நீங்களே கோலத்தை முடித்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ போடுவதில் அவனுக்கு ஒரு பயனும் இல்லை. பிரிண்ட் எடுத்த கலரிங் தாள் கட்டுக்கும் எனக்கு அதே அபிப்பிராயம்தான்.

இந்த வேலைகளின் நடுவே சில விஷயங்கள் கண்ணில் படலாம். ஆறு வயதாகியும் எந்தக் கைப் பழக்கம் என்று நிலைப்படாமல் இருப்பது, எப்போதும் நுனிக்காலில் நடப்பது, பிசுபிசுப்புக்குப் பயந்து சாப்பாடே குறைவது போன்றவற்றைப் பார்த்தால் பள்ளி திறக்கும்வரை காத்திருக்காதீர்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய கார்யக்ரம் என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டம் 2013 முதல் நடக்கிறது, அதில் 18 வயதுவரை பரிசோதனை உண்டு. அதன் கீழ், வளர்ச்சியில் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு ஆரம்பத்திலேயே உதவ இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே இருக்கிறது என்று உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையில் கேளுங்கள். போகும்போது பிள்ளையின் பள்ளி நோட்டையும், கோலம் போடும்போது பக்கவாட்டிலிருந்து எடுத்த ஒரு சின்ன வீடியோவையும் கொண்டுபோங்கள்.