லேபில் சரிசெய்ய முடியாது, தம்பி

நிழல் பதியாமல் என் லேபுக்குக் கழுவ வந்ததில், இந்த மாதத்தில் இது நான்காவது ரோல். மயிலாப்பூர் தெற்கு மாட வீதியில், காலை வெயிலில், 400 ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) கருப்பு வெள்ளை ஃபிலிமில் எடுத்த 36 படங்கள். கழுவி விளக்குக்கு நேரே பிடித்ததும் மனசு கனத்துவிட்டது. தார்ப்பாய் நிழலில் காய்கறி விற்கும் ஓர் அம்மா, பின்னால் தராசைத் தூக்கிய கை, ஓரத்தில் சைக்கிளோடு ஒரு பையன். ஒன்றை ஒன்று மறைக்காமல் மூன்றும் அமைந்த அந்த நொடிக்காக, படம் எடுத்த தம்பி நெடுநேரம் காத்திருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அம்மாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் நெகட்டிவில் எதுவும் பதியாமல் ஃபிலிம் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கிறது. கூடையின் விளிம்பையும் புடவைக் கரையையும் வைத்துத்தான் அங்கே ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்றே தெரிகிறது.

“புஷ் பண்ணியிருக்கலாமே அண்ணா, இல்லாட்டி ஸ்கேன்ல தூக்கிடலாமே?” என்றார் அந்தத் தம்பி.

எல்லாரும் இதையேதான் கேட்கிறார்கள். புஷ் என்றால் ஃபிலிமை டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனத்தில், கூடுதல் நேரம் வைப்பது. நெகட்டிவில் ஒளி பட்ட இடம்தான் கருப்பு, அது அதில் இன்னும் கருக்கும். ஒளியே படாத இடத்தில் கருக்க என்ன இருக்கிறது? வானமும் வெள்ளை வேட்டியும் இன்னும் அடர்த்தியாகும், நிழல் அப்படியே வெறுமையாக நிற்கும். ஸ்கேனில் தூக்கினால் வருவது முகம் இல்லை, வெறும் புள்ளிகள். நான் அரை மணி நேரம் ஐஸ் வைத்து டெவலப்பரை 20 டிகிரிக்குக் கொண்டுவந்தாலும் அந்த முகம் வராது.

டிஜிட்டலில் பழகிய கை வெளிச்சம் வெளிறிவிடக் கூடாதே என்று ஒரு ஸ்டாப் குறைத்தே, அதாவது ஒளியைப் பாதியாக்கியே எடுக்கும். நெகட்டிவ் ஃபிலிமில் அந்தப் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெளிச்சம் கூடிப்போன இடத்தை டார்க்ரூமில் பெரும்பாலும் மீட்டுவிடலாம். பதியாமல் போன நிழல் போனதுதான்.

இன்னொன்று, கண் முழுக்க ஃபிரேமில் இருக்கும்போது எக்ஸ்போஷரை, அதாவது ஃபிலிமில் எவ்வளவு ஒளி விழ வேண்டும் என்பதை, ஒளியை அளக்கும் மீட்டரிடம் விட்டுவிடுகிறீர்கள். அது பார்ப்பதை எல்லாம் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். பின்னால் வெயில் அடிக்கும் தெரு இருந்தால் அதற்கேற்ப ஒளியைக் குறைத்துவிடும். வெயிலுக்கும் இந்த நிழலுக்கும் நாலு ஸ்டாப் வித்தியாசம் என்றால், நிழலில் விழுவது பதினாறில் ஒரு பங்கு ஒளி.

அதனால் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகும் முன்பே எக்ஸ்போஷரை முடித்துவிடுங்கள். நல்ல வெயிலில் ஷட்டர் 1/500 நொடி, லென்ஸின் திறப்பு எஃப் 16 (எண் குறையக் குறையத் திறப்பு பெரிதாகும்). தார்ப்பாய்க்குக் கீழே 1/250, எஃப் 4 என்று ஆரம்பிக்கலாம். சந்தேகமா? அதே நிழலில் உள்ளங்கையை நீட்டி மீட்டர் பாருங்கள், அது காட்டுவதைவிட ஒரு ஸ்டாப் கூடுதலாகத் திறங்கள். சாதாரண நிழலில் எஃப் 8 கிடைத்தால், 35 மி.மீ. லென்ஸின் ஃபோகஸை 3 மீட்டரில் வையுங்கள். ஏறத்தாழ 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை தெளிவாக இருக்கும். அப்புறம் கேமராவைத் தொடாதீர்கள், தெருவை மட்டும் பாருங்கள்.

நிழலைக் கருப்பாகவே விடுவதும் தவறில்லை. நானும் விட்டிருக்கிறேன். ஆனால் அப்படி முடிவு செய்தால் நிற்கிற இடத்தை மாற்றுங்கள். அந்த அம்மாவின் உருவம் வெயில் விழுந்த சுவருக்கு எதிரே வரட்டும், தராசுத் தட்டு தனியாகத் தெரியட்டும். முகம் வேண்டும் என்று ஃபிரேமை அமைத்துவிட்டு எக்ஸ்போஷரைத் தெருவுக்குக் கொடுத்தால் இரண்டும் கிடைக்காது.

தயவுசெய்து ஒரே ஓர் உதவி. மீட்டரை 400-இல் வைத்தீர்களா, 1600-இல் வைத்தீர்களா என்று ரோலின் மேல் எழுதிக் கொடுங்கள், 1600 என்றால் டெவலப்பரில் நான் வைக்கும் நேரமே வேறு. டெவலப்பரை ஊற்றிய பிறகு ஃபோன் செய்து சொல்லாதீர்கள்.