பாயிண்ட் கிளவுட் பார்க்க அழகாக இருந்தால் போதுமா?

லேசர் ஸ்கேனர் ஓர் இடத்தைக் கோடிக்கணக்கான முப்பரிமாணப் புள்ளிகளாக அளந்து தருவதுதான் பாயிண்ட் கிளவுட். அந்த ஸ்கேன் ஃபைல் கைக்கு வந்ததும் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: திரையில் சுற்றிச் சுற்றிப் பார்ப்பது. சுவர், குழாய், போல்ட் வரை கலரில் தெரியும். "பிரமாதம்" என்று சொல்லி டிசைன் பிரிவுக்கு அனுப்பிவிடுவார்கள். பத்துக் கோடி புள்ளிகள் இருப்பதாலேயே பத்துக் கோடியும் சரியான இடத்தில் இருக்கின்றன என்று ஆகிவிடாது. நான் பார்த்த தகராறுகளில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்கின.

கருவியைக் குறை சொல்ல முடியாது. பல்ஸ் வகை ஸ்கேனர், ஒளி போய்த் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒளி ஒரு நானோ நொடியில் ஏறத்தாழ 30 செ.மீ. போய்விடும். அப்படியானால் 1 மி.மீ. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க 7 பைக்கோ நொடிக்கும் குறைவான நேரத்தை அளக்க வேண்டும். எனக்கு இன்றும் இது வியப்புதான். ஆனால் கருவியோடு வரும் தாளில் போட்டிருக்கும் மில்லிமீட்டர் கணக்கு, ஓரிடத்தில் நின்று எடுத்த ஸ்கேனுக்கு மட்டும். எந்தத் தொழிற்சாலையும் ஓரிடத்தில் நின்றால் முடிந்துவிடாது. பல ஸ்கேன்களை ஒன்றோடொன்று பொருத்தும் ரெஜிஸ்ட்ரேஷனில்தான் வினை.

சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்வோம். சுவர் வழவழவென்று இருக்கிறது, ஸ்கேன்களைப் பொருத்த உதவும் அடையாளக் குறிகள் (டார்கெட்) எதுவும் வைக்கவில்லை. மென்பொருள் இரண்டு ஸ்கேன்களின் சுவர்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக உட்காரவைக்கிறது. இப்போது ஒரு ஸ்கேனைச் சுரங்கத்தின் நீளவாக்கில் 50 மி.மீ. நகர்த்துங்கள். சுவர்கள் அப்போதும் பொருந்தியே இருக்கும்! ரிப்போர்ட்டில் சராசரிப் பிழை 2 மி.மீ. என்று வரும். அது பொய்யும் இல்லை. ஒரு ஸ்கேனில் உள்ள சுவருக்கும் மற்றதில் உள்ள அதே சுவருக்கும் இடையே உள்ள விலகல் அவ்வளவுதான். நீளத்தில் போன 50 மி.மீ. அதில் தெரியவே தெரியாது. இப்படி ஒவ்வொரு ஸ்டேஷனிலும், அதாவது ஸ்கேனரை நிறுத்தும் ஒவ்வோர் இடத்திலும், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தால், கடைசி முனை எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது.

இதற்கு வழி பழையதுதான். கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் சர்வே கருவியான டோட்டல் ஸ்டேஷனால் கண்ட்ரோல் பாயிண்ட்களை (இடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளிகளை) எடுத்து, அவற்றில் சிலவற்றைப் பொருத்தத்துக்குப் பயன்படுத்தாமல் சோதனைக்கென்று ஒதுக்கி வைக்க வேண்டும். அந்தச் சோதனைப் புள்ளிகளில் எவ்வளவு விலகல் என்று ரிப்போர்ட்டில் கேளுங்கள். செலவு கூடும் என்று முணுமுணுப்பார்கள், விட்டுக்கொடுக்காதீர்கள்.

அடுத்து, விளிம்புகள். லேசர் கதிருக்குத் தடிமன் உண்டு. குழாயின் ஃபிளாஞ்ச் (இணைப்பு வளையம்) ஓரத்தில் பாதிக் கதிரும் பின்சுவரில் மீதியும் பட்டால், இரண்டுக்கும் நடுவே காற்றில் ஒரு புள்ளி விழும். கண்ணாடி இருந்தால் அதற்குப் பின்னால் இல்லாத ஓர் அறையே முளைக்கும். பாலிஷ் போட்ட எஃகும் ஈரத்தரையும் இதே தொல்லைதான். புள்ளி நெருக்கத்தையும் பாருங்கள்: 10 மீட்டரில் 6 மி.மீ. இடைவெளி என்றால் 20 மீட்டரில் 12 மி.மீ. அதில் போல்ட் துளையின் விட்டத்தை அளப்பது வீண்வேலை. கதிர் எட்டாத மறைவிடங்களில் மாடல் போடுபவர் ஊகத்தில்தான் குழாயை நேராக இழுத்துவிடுவார். அந்தப் பகுதிகளைத் தனி நிறத்தில் காட்டச் சொல்லுங்கள்.

ட்ரோன், விமானத்திலிருந்து எடுப்பது வேறு கதை. இலை இடுக்குகளில் நுழைந்த கதிர் தரையைத் தொட்டுத் திரும்பினால்தான் தரை கிடைக்கும். அடர்ந்த புல்லில் பெரும்பாலும் புல்லின் உயரம்தான் தரையாகப் பதிவாகும். தண்ணீருக்கு அடியில் பார்க்க வேண்டுமென்றால் வழக்கமான அகச்சிவப்பு லேசர் உதவாது, 532 நானோமீட்டர் பச்சை லேசர் வேண்டும். உயரம் எதை அடிப்படையாகக் கொண்டது என்பதையும் கேட்டே ஆக வேண்டும். ஜி.பி.எஸ். தருவது எலிப்சாய்டு உயரம், அதாவது பூமிக்குக் கணக்கில் வைத்த வழவழப்பான நீள்கோள வடிவத்திலிருந்து அளக்கும் உயரம். கடல்மட்ட உயரத்தோடு அதற்குள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். சில இடங்களில் 100 மீட்டரையே எட்டும். மாற்றாமல் கால்வாய் டிசைன் செய்தால், வாட்டம் தப்பி, காகிதத்தில் தண்ணீர் மேட்டுக்கு ஏறும்.

பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தைக் கலை வரலாற்றாளர் ஆண்ட்ரூ டாலன் லேசரில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். 2019 தீ விபத்துக்குப் பின் சீரமைப்புக்கு அது கைகொடுத்தது. எடுக்கும்போது இப்படி ஒரு தேவை வரும் என்று யார் நினைத்தார்கள்? அதனால் புள்ளிகளைக் குறைத்த ஃபைல் மட்டும் போதாது. ஒவ்வொரு ஸ்டேஷனின் மூல ஸ்கேனையும் ஈ57 போன்ற பொது வடிவத்தில், கண்ட்ரோல் பாயிண்ட் பட்டியலோடு ஒப்படைக்க வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.