கடிகாரம் அல்ல, துடிப்பு

'கடிகார மூலத்தை நிறுத்துவதற்கு முன் கோடெக்கின் பணிநிறுத்தத்தை நிறைவேற்றவும்.' ஒலிச் சில்லு ஒன்றின் கையேட்டுத் தமிழாக்கத்தைத் திருத்தும்போது கண்ணில் பட்ட வரி இது. ஆங்கிலத்தில் 'கிளாக் சோர்ஸ்' என்று இருப்பதுதான் இந்தக் 'கடிகார மூலம்'. எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன்.

கோடெக் என்பது கோடர், டீகோடர் இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல். ஒலி அலையை எண்களாக்கும், எண்களைத் திரும்ப அலையாக்கும். அது கோடெக்காகவே இருக்கட்டும். என் சண்டை கிளாக்கோடுதான்: சில்லின் வேலைகளை ஒரே சீராக நடத்தும் மின் சமிக்ஞை அது, அதைத்தான் கடிகாரம் ஆக்கிவிட்டார்கள்.

கிளாக் என்ற சொல்லின் வேர் இடைக்கால லத்தீனில் மணியைக் குறித்த 'கிளாக்கா'. அடிக்கிற மணி! நம் கடிகாரமோ கடிகையிலிருந்து வந்தது. வடமொழியில் கடிகை சிறு குடம். நீர்க்குடத்தால் அளந்த 24 நிமிடத்துக்கும் அதே பெயர். ஆகக் கடிகாரம் நேரம் அளப்பது. சில்லுக்குப் போகும் கிளாக்குக்கு மணி என்னவென்று தெரியாது. சீராக அடித்துக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான். ஒலி அலையை நொடிக்கு 48,000 முறை அளந்து மாதிரி எடுக்கும் கோடெக்குக்கு வழக்கமாக அதன் 256 மடங்கு, அதாவது 12.288 மெகாஹெர்ட்ஸ் கொடுப்பார்கள். 44,100 என்றால் 11.2896. இதைப் போய்க் கடிகாரம் என்றால், அதே பலகையில் 32,768 ஹெர்ட்ஸ் படிகத்தை வைத்து உண்மையிலேயே மணி பார்க்கும் சில்லை என்னவென்று சொல்வது? அதுவல்லவா கடிகாரம்!

'தாளம்' என்று ஒரு நண்பர் சொன்னார். அழகுதான். ஆனால் பாட்டு ஓடும் சில்லில் தாளம் என்றால் எந்தத் தாளம் என்று கேள்வி வரும். துடிப்பு போதும். ஒற்றைத் துடிப்புக்கும் தொடர் துடிப்புக்கும் ஒரே சொல்லா என்பார்கள். இதயத் துடிப்பு என்று சொல்லும்போது யாரும் குழம்புவதில்லை. அதுவும் பிடிக்காவிட்டால் கிளாக் என்றே எழுதுங்கள், தப்பான தமிழுக்கு அது மேல். 'மூலம்' மட்டும் வேண்டாம்: 'கடிகாரத்தின் வழியாக' என்றும் படிக்கலாம், வைத்தியரிடம் போகிற மூலமும் உண்டு. துடிப்பு வெளிமுனையிலிருந்து வருகிறதா, சில்லுக்குள்ளேயே அதன் வேகத்தைப் பெருக்கி எடுக்கிறோமா என்பதுதானே கேள்வி? 'துடிப்பு வரும் வழி' என்றால் தீர்ந்தது.

அப்புறம், 'ஷட்டவுன்' என்பதற்குப் போட்ட பணிநிறுத்தம். சில்லு என்ன, சம்பள உயர்வு கேட்கிறதா? விளக்கை அணைக்கிறோம், இதையும் அணைக்கலாம். அணைப்பதிலும் வரிசை உண்டு: முதலில் ஒலியைப் படிப்படியாகத் தணிக்க வேண்டும், பிறகு ஒலியைக் கூட்டும் பெருக்கி, பிறகு எண்களை அலையாக்கும் மாற்றி, கடைசியில்தான் துடிப்பு. பல சில்லுகளில் ஒலியைத் தணிக்கும் வேலையே துடிப்பை எண்ணித்தான் நடக்கிறது. துடிப்பை முதலில் பிடுங்கினால் அது பாதியில் நிற்கும். அப்படியே மின்சாரத்தையும் வெட்டினால் ஒலிபெருக்கியில் 'டப்' என்று ஒரு அறை.

அந்த வரியை இப்படித் திருத்தினேன்: 'முதலில் கோடெக்கை அணையுங்கள், துடிப்பைக் கடைசியில் நிறுத்துங்கள்.' 'கடிகாரம் விடுபட்டுள்ளது' என்று ஓரத்தில் குறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.