ஸ்லீப் என்பது தூக்கமா, அறிதுயிலா?

காவேரிப்பட்டணத்தில் என் சித்தப்பா மகன் ஒரு ஸ்டூடியோ வைத்திருக்கிறான். கல்யாண வீடியோ, காதுகுத்து ஆல்பம், திருவிழா பேனர் எல்லாம் அங்கேதான். 'ஃபைனல் கட்' என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் உட்கார்ந்தால்தான் அவனுக்குக் கை ஓடும். அது ஆப்பிளின் மேக் கணினிக்கு என்று வந்தது, விண்டோஸில் ஓடாது. மேக் வாங்கக் கையில் காசு இல்லாத நாளில் பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குப் போய் மதர்போர்டு, இன்டெல் பிராசஸர், ரேம் என்று தனித்தனியாக வாங்கி வந்தான். தானே கோத்து, அதில் மேக்கின் இயங்குதளமான மேக்ஓஎஸ்ஸை ஏற்றினான். நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் போன் செய்தான். "அண்ணா, தூங்க வெச்சா ரெண்டே செகண்டுல முழிச்சுக்குது. சில நாள் தூங்குனா எழுந்திருக்கவே மாட்டேங்குது."

அந்த மெஷினோடு மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தேன். கோளாறு தீர்ந்தது. கூடவே ஒரு சொல்லைப் பற்றி எனக்கிருந்த குழப்பமும் தீர்ந்தது. கணினியின் 'ஸ்லீப்' என்பதைத் தமிழில் தூக்கம் என்றும் உறக்கம் என்றும் எழுதி வருகிறோம். இரண்டுமே அந்த நிலையைச் சரியாகச் சொல்லவில்லை. அதற்குப் பொருந்துகிற சொல் அறிதுயில். ஏன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த மெஷினின் பெயர். ஆப்பிள் தயாரிக்காத கணினியில் மேக்ஓஎஸ் ஓட்டினால் அதை ஹேக்கின்டோஷ் என்பார்கள். ஹேக், மேக்கின்டோஷ் இரண்டும் சேர்ந்த சொல். ஹேக் என்பதற்குப் பழைய ஆங்கிலத்தில் வெட்டுவது, கொத்துவது என்று பொருள். மேக்கின்டோஷ் என்பது ஓர் ஆப்பிள் ரகத்தின் பெயர். 1811இல் கனடாவில் ஜான் மெக்கின்டோஷ் என்ற விவசாயி தன் நிலத்தில் கண்டெடுத்த கன்றிலிருந்து வந்த ரகம் அது. ஆப்பிள் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜெஃப் ராஸ்கினுக்குப் பிடித்த பழம் என்பதால், எழுத்தைக் கொஞ்சம் மாற்றிக் கணினிக்குச் சூட்டினார். 1984இல் அந்தக் கணினி வெளிவந்தது. உலகத்தில் இருக்கிற மெக்கின்டோஷ் மரம் எல்லாமே அந்த ஒரு கன்றிலிருந்து ஒட்டுக் கட்டிப் பெருக்கியவைதான்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துச் சந்தூர் நினைவுக்கு வந்தது. மாங்கன்று வாங்க எங்கெங்கிருந்தோ அங்கே வருவார்கள். நாட்டு மாங்கொட்டையில் முளைத்த வேர்க்கன்றின் மேல் அல்போன்சாவோ செந்தூராவோ ஒட்டுக் கட்டுவார்கள். வேர் ஒன்று, மேலே காய்ப்பது வேறொன்று. ஹேக்கின்டோஷும் அப்படித்தான். அதனால் அதை ஒட்டுக்கணினி என்று தயங்காமல் சொல்லலாம். ஒட்டுக்கன்றில் நோவு வந்தால் தோட்டக்காரர் முதலில் பார்ப்பது ஒட்டுவாயைத்தான், அதாவது இரண்டு மரமும் சேர்ந்த இடத்தை. ஒட்டுக்கணினியின் ஒட்டுவாய் யூஎஸ்பியும் ஸ்லீப்பும். ஆப்பிள் தன் மெஷினில் எந்த வயர் எங்கே போகிறது என்று தானே அறிந்து எழுதிய மென்பொருள், வேறொருவர் செய்த போர்டின் மேல் வந்து உட்காருகிறது. போர்டு சொல்வதும் மென்பொருள் எதிர்பார்ப்பதும் பொருந்தாமல் போகிற இடம் பெரும்பாலும் இந்த இரண்டுதான். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: மேக்ஓஎஸ்ஸை ஆப்பிள் தயாரித்த மெஷினில் மட்டும்தான் ஏற்றலாம் என்பது அந்த நிறுவனத்தின் உரிம விதி. இதில் இறங்குகிறவர் அது தெரிந்து இறங்க வேண்டும்.

சரி, இனித் தூக்கம்.

தூங்கு என்ற வினைக்குப் பழந்தமிழில் முதற்பொருள் தொங்குவது, ஆடுவது. தூக்கணாங்குருவியின் கூடு மரத்தில் தொங்குவதால்தான் அந்தப் பெயர். 'தூங்கெயில் எறிந்த' சோழன் என்று சங்கப் பாட்டில் வருகிறதே, அது வானில் தொங்கிய கோட்டை. உட்கார்ந்தபடியே தலை தொங்கி ஆடுவதைப் பார்த்துத்தான் தூங்குவதற்கு இன்றைய பொருள் வந்திருக்க வேண்டும். ஓசூர் பக்கம் கன்னடம் பேசுகிறவர்களைக் கேட்டால் இது இன்னும் தெளிவாகும். அவர்களுக்கு நித்திரை 'நித்தெ'. 'தூகு' என்றால் இன்றைக்கும் ஆடுவதும் தொங்குவதும்தான். தொங்குபாலம் அவர்களுக்குத் 'தூகுசேதுவெ'.

கணினிக்கு இந்தச் சொல் ஏன் ஆகாது என்பது இங்கேயே தெரிந்துவிடுகிறது. மெஷின் அசையாமல் நின்றுபோனால் நாம் என்ன சொல்கிறோம்? 'ஹேங் ஆயிடுச்சு' என்கிறோம். ஹேங் என்றால் தொங்குவது. ஆக, தூங்கு என்ற வினையின் வேரில் ஸ்லீப்பும் ஹேங்கும் ஒன்றாகக் கிடக்கின்றன. என் தம்பி மெஷினில் இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் பெரிய வேலையாக இருந்தது. திரை கறுத்துவிடும், ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கும். அது ஸ்லீப்புக்குப் போன மெஷின் இல்லை. போகிற வழியில் தொங்கிவிட்ட மெஷின்.

துஞ்சு என்ற சொல்லும் பழையது, அழகானதும்கூட. ஆனால் அதற்கு இறப்பது என்ற பொருளும் உண்டு. 'குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன்' என்றால் அங்கே உயிர்விட்டவன். திரும்ப எழுப்பப் போகிற ஒன்றுக்கு அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. உறக்கம் தன்னை மறந்து கிடப்பது. குழந்தைக்கு அது நல்ல சொல். கணினி தன்னை மறந்தால் பாதி எடிட் செய்த வீடியோ போய்விடும்.

ஸ்லீப்பில் உள்ளே உண்மையில் என்ன நடக்கிறது? 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்ற பொது விதியை வெளியிட்டன. கணினியின் மின்நிலைகளை எஸ்0 முதல் எஸ்5 வரை அது வகுத்தது. எஸ்0 வேலை செய்யும் நிலை, எஸ்5 அணைந்த நிலை. தம்பியுடையது போன்ற மெஷினில் ஸ்லீப் என்பது எஸ்3. பிராசஸர் நின்றுவிடும், திரை அணையும், ஃபேன் நிற்கும். ரேமுக்கு மட்டும் சின்னதாக மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். திறந்து வைத்த கோப்புகள், பாதி தட்டிய வரி எல்லாம் அங்கே அப்படியே இருக்கும். கீபோர்டு, மவுஸ், நெட்வொர்க் கார்டு என்று போர்டு குறித்து வைத்த சில வாசல்களில் மட்டும் காவல் இருக்கும். அங்கிருந்து ஒரு தட்டு வந்தால் முழு மெஷினும் எழுந்துவிடும்.

எல்லாம் ஓய்ந்திருக்க, அறிவு மட்டும் விழித்திருக்கும் தூக்கம். தமிழில் இதற்குப் பெயர் இருக்கிறது. பாம்பணையில் கிடக்கும் திருமாலின் துயிலை அறிதுயில் என்றார்கள். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் விடியுமுன் புகாரை விட்டுப் புறப்படும்போது, 'அணிகிளர் அரவின் அறிதுயில் அமர்ந்த மணிவண்ணன் கோட்டம்' வலம் வந்து போகிறார்கள். யோகநித்திரை என்று வடமொழியில் சொல்வது இதைத்தான். கண் மூடியிருந்தாலும் நடப்பதெல்லாம் அறிந்துகொண்டிருக்கும் துயில் என்பது பொருள்.

சாமிக்கு உரிய சொல்லை மெஷினுக்கு வைப்பதா என்று சிலருக்குத் தயக்கம் வரலாம். எனக்கு அந்தத் தயக்கம் இல்லாததற்குக் காரணம் என் பெரியப்பா. தேன்கனிக்கோட்டைப் பக்கம் அவருக்கு நிலம். ராகி கதிர் பிடிக்கும் மாதங்களில் காட்டிலிருந்து யானை இறங்கும். பரணில் படுத்திருப்பார். குறட்டைகூட வரும். நாய் குரைத்தால் அசையமாட்டார், பஸ் போனால் அசையமாட்டார். மூங்கில் ஒடிகிற சத்தம் எங்கேயோ கேட்டால் போதும், எழுந்து உட்கார்ந்து டார்ச்சைத் தேடுவார். காட்டோரத்தில் ராகி போடுகிற எல்லோருக்கும் அந்தத் துயில் பழக்கம்தான். ஆங்கிலத்திலும் விழிப்பதைச் சொல்லும் 'வேக்' என்ற சொல்லும், காவலைச் சொல்லும் 'வாட்ச்' என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. எந்தச் சத்தத்துக்கு எழ வேண்டும், எதற்கு எழக்கூடாது என்று தெரிந்திருப்பதுதான் இதில் முக்கியம்.

அந்த இடத்தில்தான் தம்பியின் மெஷின் தவறியிருந்தது. தூங்கத் தெரியாத மெஷின் என்று நினைத்து, பவர் செட்டிங்கை மாற்றி மாற்றி முதல் ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கினேன். அறிதுயில் என்று நினைத்துப் பார்த்த பிறகு கேள்வியே மாறியது. இது எந்தக் காதைத் திறந்து வைத்திருக்கிறது?

மேக்ஓஎஸ்ஸில் டெர்மினலைத் திறந்து 'பிஎம்செட்' கட்டளையில் லாகை, அதாவது பதிவேட்டைக் கேட்டால், எப்போது தூங்கியது, எதனால் எழுந்தது என்று வரிவரியாகச் சொல்லும். விழிப்புக்குக் காரணம் என்ற இடத்தில் ஒவ்வொரு முறையும் 'எக்ஸ்எச்சி' என்றே இருந்தது. அது யூஎஸ்பி துளைகளை எல்லாம் கவனிக்கும் கன்ட்ரோலரின் பெயர். யூஎஸ்பியும் 1996இல் வந்ததுதான். அதன் கடைசி எழுத்து குறிப்பது 'பஸ்'. எல்லோருக்கும் என்று பொருள்படும் 'ஆம்னிபஸ்' என்ற லத்தீன் சொல்லின் வால். கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் ஏறுகிறோமே, அந்த பஸ்ஸும் அதே வால்தான். கணினித் தமிழில் அதைப் பாட்டை என்று எழுதுவார்கள். பலரும் பொதுவாகப் போகிற வழி என்பதால் அதுவும் பொருத்தமான சொல்.

2015இல் வந்த எல் கேப்பிட்டன் பதிப்பிலிருந்து மேக்ஓஎஸ் ஒரு கன்ட்ரோலருக்கு 15 போர்ட்டுகளை, அதாவது இணைப்பு வாசல்களை மட்டுமே ஏற்கும். 15 என்றால் தாராளமாகத் தெரியும். ஆனால் நீல நிற யூஎஸ்பி 3 துளை ஒன்று இரண்டாகக் கணக்காகும், பழைய வேகத்துக்கு ஒன்று, புதிய வேகத்துக்கு ஒன்று. தம்பியின் போர்டில் மொத்தம் இருபதைத் தாண்டியது. மிஞ்சியவற்றை மென்பொருள் கண்டுகொள்வதில்லை. அதனால் எவை வேண்டும், ஒவ்வொன்றும் என்ன வகை என்று நாமே ஒரு வரைபடம் எழுதித் தர வேண்டும். யூஎஸ்பி மேப் என்பது அதுதான். பழைய பென்டிரைவ் ஒன்றும் புதிய பென்டிரைவ் ஒன்றும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு துளையிலும் சொருகிப் பார்த்துப் பெயரைக் குறித்துக்கொண்டோம். இரண்டாவது ஞாயிறு முழுக்க அதற்கே போனது. பொறுமையாகச் செய்தால் பாதிக் கோளாறு இங்கேயே தீர்ந்துவிடும் என்பது என் அனுபவம்.

கண்டுபிடித்தது இது: ப்ளூடூத் கார்டு கேஸுக்குள்ளே இருக்கிறது. ஆனால் போர்டு அதை வெளியே சொருகிய பொருள் என்று அறிவித்திருந்தது. உள்ளே நிரந்தரமாக இருப்பது என்பதைச் சொல்ல 255 என்ற எண்ணை வகையாகக் கொடுக்க வேண்டும். அதை மாற்றி, வேண்டாத போர்ட்டுகளை நீக்கி, எண்ணிக்கையை 15க்குள் கொண்டுவந்த அன்றே எழுந்திருக்காமல் தொங்குவது நின்றது.

இரண்டு செகண்டில் விழிப்பது மட்டும் மிச்சம் இருந்தது. எந்தக் கருவி மெஷினை எழுப்பலாம் என்ற உரிமை ஏசிபிஐ அட்டவணையில் எழுதியிருக்கும். இன்டெல் போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பி கன்ட்ரோலருக்குக் கொடுத்திருக்கும் அந்த உரிமையால், தூங்கிய கையோடு மெஷின் எழுந்துவிடும். 'ஜிபிஆர்டபிள்யூ' என்ற திருத்தத்தை, ஒட்டுக்கணினியில் மேக்ஓஎஸ்ஸைத் தொடங்கி வைக்கும் ஓப்பன்கோர் என்ற மென்பொருள் வழியாகச் சேர்த்தால் அந்த உரிமை ரத்தாகும். சேர்த்தோம், சரியானது. அதற்கு ஒரு விலை உண்டு. இனி கீபோர்டைத் தட்டி எழுப்ப முடியாது. பவர் பட்டனைத்தான் அழுத்த வேண்டும். யானைச் சத்தத்துக்கும் சேர்த்துக் காதை அடைத்தது போலத்தான். தம்பி அதற்குச் சம்மதித்தான்.

அறிதுயில் என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு காரணம், பக்கத்திலேயே 'ஹைபர்நேட்' என்று ஒரு நிலை இருப்பது. ஏசிபிஐ கணக்கில் எஸ்4. ரேமில் உள்ளதை எல்லாம் டிஸ்க்கில் எழுதிவிட்டு மின்சாரத்தை முழுதாக விட்டுவிடும். குளிர்காலத்தைக் கழிப்பது என்ற லத்தீன் பொருளிலிருந்து வந்த சொல். நம் ஊரில் பனிக்குள் கரடி கிடப்பதில்லை. ஏரி வற்றினால் தவளை மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடந்து, மழை பெய்ததும் வெளியே வரும். சைவ சித்தாந்தத்திலும் உலகம் தன் மூலத்தில் அடங்கி மறுபடி தோன்றக் காத்திருப்பதை ஒடுக்கம் என்பார்கள். அதனால் ஹைபர்நேட்டுக்கு ஒடுக்கம் பொருந்தும் என்பேன். கரன்ட் போனால் ஒடுக்கத்தில் உள்ளது பிழைக்கும், அறிதுயிலில் உள்ளது பிழைக்காது. ஒட்டுக்கணினிகளில் ஒடுக்கம் தொல்லை தரும் என்பதால் பெரும்பாலோர் 'ஹைபர்நேட்மோட்' மதிப்பைப் பூஜ்ஜியமாக்கி அதை நிறுத்திவிடுவார்கள். நாங்களும் நிறுத்தினோம். அப்படியானால் யூபிஎஸ் கட்டாயம்.

எழுதும்போது 'அறிதுயிலில் வை', 'அறிதுயிலில் இருக்கிறது', 'எழுப்பு' என்றால் போதும்; புதிதாக எதையும் வளைக்க வேண்டாம். திரையை ஏற்றாமல் உள்ளுக்குள் மட்டும் மேக் விழித்து மெயில் பார்த்துக்கொள்ளும் 'டார்க் வேக்'கைக் கண்திறவா விழிப்பு என்று எழுதிப் பார்த்தேன், நன்றாகவே நின்றது. ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறி, இன்டெல் மேக்குகளுக்கு டாஹோ என்ற மேக்ஓஎஸ்ஸே கடைசிப் பதிப்பு என்று சொல்லிவிட்டதால் ஒட்டுக்கணினிகள் இன்னும் சில காலம்தான். ஸ்லீப் எல்லாக் கணினியிலும் இருக்கப்போகிறது.

ஸ்டூடியோவில் வேலை பார்க்கும் பையனிடம் முன்பு தம்பி, "மெஷின் தூங்குது, நீ கெளம்பு" என்று சொல்லிவிட்டுப் போவான். பையனும், தூங்குகிற மெஷினுக்குக் கரன்ட் எதற்கு என்று யூபிஎஸ் சுவிட்சை அணைத்துவிட்டுப் போவான். ஒருமுறை பர்கூர்க் கல்யாணம் ஒன்றின் எடிட்டில் சேமிக்காதது எல்லாம் அப்படியே போனது. பையன்மேல் தப்பில்லை, சொன்ன சொல் அப்படி. இப்போது அந்தச் சுவிட்சுக்கு மேலே ஒரு ஸ்டிக்கர் அடித்து ஒட்டியிருக்கிறான்: 'அறிதுயிலில் இருக்கிறது. அணைக்காதே.' ஒட்டிய அன்று பையன் அப்படி என்றால் என்ன என்று கேட்டான். பரணில் படுத்திருக்கும் பெரியப்பாவைப் பற்றிச் சொன்னேன். "ஓ, காவலுக்குப் படுத்திருக்குதா" என்று கேட்டுக்கொண்டு கடையைப் பூட்டக் கிளம்பினான்.