கோட்டைகள் ஏன் குட்டையாயின?

கூகுள் மேப்பில் யாழ்ப்பாணக் கோட்டையை மேலிருந்து பாருங்கள். ஐந்து மூலைகளிலும் கூர்முனையோடு ஒரு கொத்தளம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். போர்த்துக்கீசியர் இடத்தை டச்சுக்காரர்கள் 1658இல் பிடித்தபின் கட்டிய வடிவம் இது. நேரில் போய் நின்றால் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும். செஞ்சிக் கோட்டையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ரொம்பக் குட்டை. ஆனால் அந்தக் குட்டை மதிலும் கூர் மூலைகளும், பீரங்கிக் குண்டு எப்படிப் பாய்கிறது, துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்று கணக்குப் போட்டுப் போட்டு வந்தவை.

பீரங்கிக்கு முந்தைய காலத்தில் மதிலுக்கு உயரம்தான் பலம். ஏணி எட்டக்கூடாது, மேலிருந்து அம்பும் கல்லும் வீச வசதியாக இருக்கவேண்டும், அவ்வளவுதான் கணக்கு. பைசாந்தியப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டினோபிளின் (இன்றைய இஸ்தான்புல்) நிலப்பக்க மதில்கள் 5ஆம் நூற்றாண்டில் எழுந்தவை; உள்மதில் ஏறத்தாழ 12 மீட்டர் உயரம், 5 மீட்டர் கனம். ஆயிரம் ஆண்டுகள் தாக்குப்பிடித்தன. 1453இல் சுல்தான் இரண்டாம் மெஹ்மத் அரை டன்னுக்கு மேல் எடையுள்ள கல்குண்டுகளை வீசும் பீரங்கியோடு வந்தார். அதை வார்த்துக் கொடுத்த ஓர்பன் என்ற ஹங்கேரிக்காரர் முதலில் வேலை கேட்டுப் போனது எதிர்த்தரப்பான பைசாந்தியப் பேரரசரிடம். அவர் கேட்ட சம்பளம் பேரரசருக்குக் கட்டுப்படியாகவில்லை!

அந்தப் பீரங்கியைக் கையாள்வதும் லேசுப்பட்டதல்ல. ஒருமுறை சுட்டால் குழாய் ஆறும்வரை காத்திருக்கவேண்டும். நாளொன்றுக்கு ஏழெட்டுக் குண்டுக்கு மேல் முடியாது. பகலில் இடிந்த இடத்தை நகரத்தார் இரவில் மரத்தையும் மண்ணையும் போட்டு அடைத்தார்கள். முற்றுகை ஐம்பது நாளுக்கு மேல் இழுத்தது. நகரம் விழுந்தது என்னவோ உண்மை. ஆனால் பின்னால் வரப்போகும் கோட்டைகளுக்கான விடை அந்த அவசர மண்ணடைப்பில்தான் இருந்தது.

நிஜமான அதிர்ச்சி 1494இல் வந்தது. பிரெஞ்சு மன்னர் எட்டாம் சார்லஸ் இத்தாலிக்குள் கொண்டுபோன பீரங்கிகள் ஓர்பனுடையதைவிட மிகச் சிறியவை. வெண்கலத்தில் வார்த்து, சக்கர வண்டியில் ஏற்றி, குதிரை பூட்டி இழுத்தார்கள். குண்டு கல்லுக்குப் பதில் இரும்பு. ஒரே அளவுள்ள கல்லைவிட இரும்பு இரண்டரை மடங்குக்கு மேல் கனம். அதனால் சின்னக் குழாயிலிருந்தே அதே எடையை, அதே இயக்க ஆற்றலை அனுப்ப முடிந்தது. கல்குண்டு மதிலில் பட்டால் பல சமயம் தானே சிதறிவிடும். இரும்பு சிதறாது, உள்ளே இறங்கும். சிறிய பீரங்கி என்பதால் அடிக்கடி சுடலாம், ஒரே இடத்தில் குறி வைத்துத் திரும்பத் திரும்ப அடிக்கலாம். முன்பு ஏழு ஆண்டு முற்றுகையைத் தாங்கியதாகப் பேர்பெற்ற மான்டே சான் ஜியோவான்னி கோட்டை சில மணி நேரத்தில் உடைந்தது.

இங்கேதான் உயரம் மதிலுக்கே எமனாக மாறியது. பீரங்கி வீரர்கள் மதிலை மேலே அடிப்பதில்லை. அடியிலிருந்து சற்று உயரத்தில் கிடைமட்டமாக ஒரு கோடு போல வரிசையாக அடிப்பார்கள். அந்தக் கோடு ஆழமாக வெட்டுப்பட்டதும், மேலே இருக்கும் கல்லின் எடையே மதிலைக் கீழே இழுத்துவிடும். உயரம் கூடக் கூட விழுகிற கல்லும் கூடும். அது அகழியைத் தூர்த்து, தாக்குகிறவன் ஏறிவரச் சரிவுப்பாதையும் போட்டுத் தந்துவிடும்.

சரி, வேறு எதை வைத்துத் தடுப்பது? 1500இல் பைசா நகரத்தை முற்றுகையிட்ட பிரெஞ்சு, ஃபிளாரன்ஸ் படைகள் பழைய மதிலை உடைத்துக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது, பின்னால் புதிதாக ஒரு பள்ளமும் மண்மேடும் நின்றன. அதைத் தாண்ட முடியாமல் திரும்பினார்கள். கல் கடினம், ஆனால் நொறுங்கும். மண் நொறுங்காது. குண்டின் ஆற்றல் கோடிக்கணக்கான துகள்களின் உராய்வில் தீர்ந்துபோகும். குவித்த ஆற்றுமணலில் கல்லெறிந்தால் பொத்தென்று புதைந்து நிற்குமே, அதேதான். ஆக, புதிய மதில் குட்டையாகவும் அகலமாகவும், உள்ளே மண் நிரப்பி வெளியே கல்லோ செங்கல்லோ கட்டியதாகவும் ஆனது. எதிரே அகழி. அகழிக்கு அப்பால் மெல்லச் சரியும் மண்மேடு. தூரத்திலிருந்து பார்க்கும் பீரங்கிக்காரன் கண்ணுக்கு மதிலின் தலை மட்டும் தெரியும்.

குட்டை மதிலில் ஏறுவது சுலபமாயிற்றே? அதனால்தான் மதிலை நெருங்கவே விடாத ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. இந்தக் கதையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது.

பழைய கோட்டைகளின் வட்டக் கோபுரத்துக்கு ஒரு குறை உண்டு. கோபுரத்தின் முன்வயிற்றை ஒட்டி ஒருவன் நின்றுகொண்டால், உச்சியில் இருப்பவன் எட்டிக் குனிந்தாலொழிய அவனைப் பார்க்க முடியாது. பக்கத்துக் கோபுரத்திலிருந்து சுட்டாலும் குண்டு வட்டத்தை உரசிக்கொண்டு நேராகப் போய்விடும். முன்னால் முக்கோணமாக ஒரு துண்டு நிலம் தப்பிவிடும். அங்கே நின்று நிம்மதியாக அடித்தளத்தில் சுரங்கம் தோண்டலாம். இத்தாலியப் பொறியாளர்கள் இந்த முக்கோணத்தையே கல்லாலும் மண்ணாலும் நிரப்பிக் கோபுரத்தோடு சேர்த்துவிட்டார்கள். கூர்முனைக் கொத்தளம் அப்படித்தான் கிடைத்தது. அதன் இரண்டு முகங்களும் பக்கத்துக் கொத்தளத்திலிருந்து வரும் குண்டின் பாதைக்கு இணையாக ஓடுகின்றன. கோட்டையைச் சுற்றி எங்கே நின்றாலும் யாராவது ஒருவர் பக்கவாட்டிலிருந்து சுடலாம். அந்தக் காலத் துப்பாக்கி எட்டும் தூரம் 200, 250 மீட்டர்தான் என்பதால் கொத்தளங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அதுவே முடிவுசெய்தது. மைக்கலாஞ்சலோகூட 1529இல் ஃபிளாரன்ஸின் அரண்களுக்குப் பொறுப்பாளராக இருந்து இப்படிப் படங்கள் வரைந்திருக்கிறார்.

செலவுதான் தலையைச் சுற்றும். சியெனா நகரம் 1550களில் புதுக் கோட்டை வேலையில் பணத்தைக் கொட்டிவிட்டு, படை வைக்கக் காசில்லாமல் 1555இல் சரணடைந்தது.

தாக்குகிறவர்கள் சும்மா இருப்பார்களா? பீரங்கி தோற்ற இடத்தில் மண்வெட்டியை எடுத்தார்கள். பிரெஞ்சுப் பொறியாளர் வோபான் 1673இல் மாஸ்ட்ரிக்ட் முற்றுகையில் இதை ஒரு முறையாகவே ஆக்கினார். குண்டு எட்டாத தூரத்தில் கோட்டைக்கு இணையாக ஒரு நீளப் பள்ளம். அங்கிருந்து வளைந்து வளைந்து முன்னேறும் குறும்பள்ளங்கள். அப்புறம் இன்னொரு இணைப்பள்ளம். அதற்கு முன்னால் மூன்றாவது. நேராகத் தோண்டினால் கோட்டையிலிருந்து வரும் ஒரே குண்டு பள்ளம் நெடுக உருண்டு அத்தனை பேரையும் சாய்த்துவிடும், அதனால்தான் அந்த வளைவு. வழக்கமான ஒரு கோட்டையைப் பிடிக்க 48 நாள் என்று வோபான் அட்டவணையே போட்டிருந்தார். நம்மூர் ஒரு மண்டலம்!

இந்த முற்றுகை முறை புதுச்சேரிவரை வந்தது. அங்கே பிரெஞ்சுக்காரர்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வோபானின் துர்னே கோட்டையை மாதிரியாக வைத்து, ஐங்கோணமாக லூயி கோட்டையைக் கட்டினார்கள். 1748இல் ஆங்கிலேயத் தளபதி பாஸ்கவன் முற்றுகையிட்டு, ரொம்பத் தூரத்திலேயே பள்ளம் தோண்ட ஆரம்பித்தார். நடுவில் சதுப்பு நிலம். அக்டோபர் மழை பிடித்துக்கொண்டது, முற்றுகையைக் கைவிட்டுத் திரும்பினார். அடுத்து வந்த அயர் கூட் நிலத்திலும் கடலிலும் வழியை அடைத்து ஊரைப் பட்டினி போட்டார். 1761 ஜனவரியில் புதுச்சேரி சரணடைந்தது. கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தார்கள்.

மதில்களின் காலத்தை முடித்தது பீரங்கிக் குழாயின் உட்புறத்தில் வெட்டிய திருகு வரிகள். அவை குண்டைச் சுழலவிட்டு அனுப்பும். சுழலும் குண்டு தடுமாறாது, கூர்முனையோடு நீளமாக இருக்கலாம், வெகுதூரம் குறி தப்பாது. 1862 ஏப்ரலில், அமெரிக்க உள்நாட்டுப் போரில், ஜார்ஜியாவின் புலாஸ்கி கோட்டையை வடக்குப் படை ஒன்றரைக் கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து இத்தகைய பீரங்கிகளால் அடித்தது. இரண்டு மீட்டருக்கு மேல் கனமான செங்கல் சுவர். அவ்வளவு தூரத்திலிருந்து ஒன்றும் ஆகாது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். முப்பது மணி நேரத்தில் மூலையில் ஓட்டை விழுந்து, அதன் வழியே நுழைந்த குண்டுகள் எதிர்ப்பக்க வெடிமருந்துக் கிடங்கைத் தொட ஆரம்பித்தன. உள்ளே இருந்தவர்கள் வெள்ளைக்கொடி காட்டினார்கள்.