ஒடித்தால் பெருகும் பாசி

சீமைக்கருவேலத்தைப் பற்றி இராமநாதபுரத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். விறகுக்கு ஆகும் என்று வந்த மரம் கண்மாய்க்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டது, வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கிறது. கடலுக்கடியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. பேர் கப்பாபைகஸ் அல்வரேசி, பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி.

இதிலிருந்து எடுக்கும் காரஜீனன் என்ற கூழ்ப்பொருள்தான் ஐஸ்கிரீமையும் பற்பசையையும் கெட்டியாக வைத்திருக்கிறது. அதற்காக மண்டபம் பக்கம் சோதனையாகத் தொடங்கி, 2000க்குப் பிறகு பாக் விரிகுடாவில் வியாபாரமாகவே வளர்த்தார்கள். கரையோரப் பெண்கள் பலர் இதை வைத்துத்தான் வீட்டை நடத்துகிறார்கள், அதைச் சின்ன விஷயமாக நினைக்க என்னால் முடியவில்லை. ஆனால் 2008இல், பாம்பன் பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குருசடைத் தீவில் இது உயிருள்ள பவளத்தின் மேல் படர்ந்திருப்பதாக ஆய்வுக் கட்டுரை வந்தது. 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் ஒன்று அது.

எப்படிப் பரவும்? வளர்க்கிற முறையைப் பார்த்தாலே புரிந்துவிடும். மூங்கில் மிதவையில் கயிறு கட்டி, அதில் பாசியைச் சின்னச் சின்னத் துண்டாகக் கட்டிவிடுவார்கள், விதையும் வேண்டாம் வேரும் வேண்டாம், சுமார் 45 நாளில் ஒவ்வொரு துண்டும் பல மடங்கு பெருத்து அறுவடைக்கு வந்துவிடும். அலை ஒடித்துப் போடும் துண்டுக்கும் இதே சக்தி உண்டு. வாடைக்காலத்தில் பாம்பன் கால்வாய் வழியாக நீரோட்டம் வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவிலிருந்து மன்னார் வளைகுடாவுக்குள் போகும், துண்டும் கூடவே போய்ப் பவளத்தின் இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

அப்புறம் அது பவளத்தின் மேல் பாய் விரித்த மாதிரி மூடிவிடும். பவளத்தின் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன, வெயிலை வாங்கி அவை சமைப்பதுதான் பவளத்துக்குப் பெரும்பங்கு சாப்பாடு. வெளிச்சம் மறைந்தால் அடுப்பு அணைந்துவிடும், பவளம் பட்டினியில் சாகும்.

சரி, பிடுங்கிவிடலாமே? இங்கேதான் சிக்கல். அவசரமாக இழுத்தால் பாசி நொறுங்கும், நாமே நாற்று நட்ட கதையாகிவிடும். அதனால் மூழ்கி, கையால் மெதுவாகக் கழற்றி, தண்ணீருக்குள்ளேயே பையில் போட்டுக் கட்டி, மிச்சமில்லாமல் கரையேற்றிக் காயவைக்க வேண்டும். இடுக்கில் ஒட்டியிருக்கும் நகக்கண் அளவு துண்டும் மறுபடி முளைக்கும், ஆகவே அதே பவளத்துக்குத் திரும்பத் திரும்பப் போயாக வேண்டும். ஹவாயில் கனியோஹே விரிகுடாவில் இந்த வகைப் பாசிகளை உறிஞ்சும் குழாய் வைத்து எடுத்தார்கள், மிச்சத்தை மேய்வதற்குப் பண்ணையில் வளர்த்த கடல் முள்ளெலிகளை விட்டார்கள். நம் கடலில் அந்த மேய்ச்சல் வேலையை ஓரா மீனும் கிளிமீனும் ஓரளவு செய்யும், அவற்றை ஒட்ட ஒட்டப் பிடித்துவிடாமல் இருந்தால்.

கஞ்சிப்பாசியும் மரிக்கொழுந்துப் பாசியும் எடுக்க மூழ்கிப் பழகிய பெண்களுக்கு இந்தக் கடலடி அத்துப்படி. எங்கே எது புதிதாக முளைத்திருக்கிறது என்பது அவர்கள் கண்ணில்தான் முதலில் படும், கண்காணிப்பில் அவர்களைக் கூலிகொடுத்துச் சேர்க்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். தடித்து, வழவழப்பாக, கிளை கிளையாக ஒரு பாசி பவளத்தை மூடியிருப்பதைப் பார்த்தால் இழுக்காதீர்கள். இடத்தைக் குறித்துக்கொண்டு வனத்துறையிடம் சொல்லுங்கள்.