உரிமைகளைத் தாங்கி நிற்கும் மற்ற பிரிவுகள்

அரசியலமைப்புச் சட்டத்தைக் கையில் எடுப்பவர்கள் பெரும்பாலும் அடிப்படை உரிமைகள் பகுதியைத்தான் முதலில் புரட்டுகிறார்கள். ஆனால் அந்த உரிமைகள் நிற்குமா விழுமா என்பதை முடிவு செய்பவை வேறு சில பிரிவுகள். நெருக்கடி நிலையை யார் அறிவிக்கலாம், சட்டத்தைத் திருத்த எத்தனை பேர் வேண்டும், சட்டமன்றத்தின் ஆயுளை நீட்டிக்க முடியுமா, தேர்தல் ஆணையரை யார் நியமிப்பது. வழக்காடுபவர்களுக்குப் பழகிப்போன இந்தப் பிரிவுகள் வாக்காளர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1976 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு, உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்குமான உரிமை, ஓர் எழுத்தும் குறையாமல் அப்படியே இருந்தது. அன்றுதான் உச்ச நீதிமன்றம், நெருக்கடி நிலையில் சிறை வைக்கப்பட்டவர்கள் ஆட்கொணர்வு மனு (தங்களை அடைத்து வைத்தது சட்டப்படி சரியா என்று நீதிமன்றத்தைக் கேட்கும் மனு) போட முடியாது என்று 4-க்கு 1 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. உடன்படாதவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒருவரே. உரிமையை அழிக்கத் தேவையே இருக்கவில்லை. அதைக் கேட்டு நீதிமன்றம் போகும் வழியை 359-ஆம் பிரிவின் கீழ் போடப்பட்ட ஓர் ஆணை அடைத்துவிட்டது.

1978-இன் 44-ஆவது திருத்தம் இந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. 'உள்நாட்டுக் குழப்பம்' என்று எதையும் சொல்லி நெருக்கடி நிலை கொண்டுவர முடிந்த இடத்தில் 'ஆயுதக் கிளர்ச்சி' என்ற சொல் வந்தது. 1975 ஜூன் 25 இரவு பிரகடனம் கையெழுத்தாகி, மறுநாள் காலையில்தான் அமைச்சரவை கூடியது. அதனால் இப்போது அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தாக வேண்டும். நாடாளுமன்ற ஒப்புதலுக்கான கெடு இரண்டு மாதத்திலிருந்து ஒரு மாதமானது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறு ஒப்புதலும் கட்டாயம். 20, 21-ஆம் பிரிவுகளுக்காக நீதிமன்றம் செல்வதை இனி எந்த ஆணையும் தடுக்க முடியாது.

அடுத்து, தலைக்கணக்கு. இதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 368-ஆம் பிரிவின்படி ஒரு திருத்தம் நிறைவேற, ஒவ்வோர் அவையிலும் இரண்டு நிபந்தனைகள் சேர்ந்தே நிறைவேற வேண்டும்: அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. 543 பேர் கொண்ட மக்களவையில் 450 பேர் வாக்களித்தால் 300 வாக்குகள் தேவை. எதிர்ப்பாளர்களில் 42 பேர் வெளிநடப்புச் செய்தால் வாக்களிப்பவர்கள் 408, தேவை 272-ஆகக் குறைந்துவிடும். எதிர்த்து வாக்களிக்காமல் வெளியேறுவது ஆளுங்கட்சியின் வேலையை எளிதாக்குகிறது. 272-க்குக் கீழே போகாமல் தடுப்பது முதல் நிபந்தனை மட்டும்தான். கூட்டாட்சி தொடர்பான சில பிரிவுகளுக்கு, மாநிலச் சட்டமன்றங்களில் குறைந்தது பாதியின் ஒப்புதலும் வேண்டும்.

1933 மார்ச்சில் ஜெர்மனியில் ஹிட்லருக்குச் சட்டமியற்றும் அதிகாரத்தைத் தூக்கிக் கொடுத்த சட்டமும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலான வாக்குகளோடுதான் நிறைவேறியது: ஆதரவு 444, எதிர்ப்பு 94. கம்யூனிஸ்ட் உறுப்பினர்கள் அவைக்குள்ளேயே வர முடியவில்லை.

தலைக்கணக்கு சரியாக இருந்தாலும் போதாது என்பதற்கு இலங்கை சாட்சி. அங்கே திருத்தத்துக்கு மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கப் பொது வாக்கெடுப்பும் வேண்டும். 1982-இல் இரண்டுமே நடந்தன. விளைவு, 1977-இல் வாக்களித்த மக்கள் அடுத்த பொதுத் தேர்தலை 1989-இல்தான் பார்த்தார்கள். பெரும்பான்மையை வைத்தே பெரும்பான்மை தன் பதவிக்காலத்தை நீட்டிக்கொள்ளும் இந்த ஆபத்துக்குத்தான் சில நாடுகள் திருத்தும் அதிகாரத்துக்கே எல்லை போட்டிருக்கின்றன. ஜெர்மனியின் 1949 அடிப்படைச் சட்டம் மனித மாண்பையும் ஜனநாயக அடித்தளத்தையும் திருத்தவே முடியாதவை என்று எழுதியே வைத்தது. இந்தியாவில் அது எழுத்தில் இல்லை. 1973-இல் கேசவானந்த பாரதி வழக்கில் 13 நீதிபதிகள் அமர்வு, 7-க்கு 6 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில், அரசியலமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பைத் தகர்க்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றது.

திருத்தம் செய்யாமலே அவையை ஓரங்கட்டும் வழியும் உண்டு: அவை கூடாத காலத்தில் அரசு பிறப்பிக்கும் அவசரச் சட்டம். அவை மீண்டும் கூடிய ஆறு வாரங்களில் அது காலாவதியாக வேண்டும். பீகாரில் அதையே திரும்பத் திரும்பப் பிறப்பித்து, சிலவற்றைப் பதினான்கு ஆண்டுகள் வரை ஓட்டினார்கள். 1986-இல் வாத்வா வழக்கில் இதை அரசியலமைப்பின் மீதான மோசடி என்று உச்ச நீதிமன்றம் கண்டித்தது.

தேர்தல் ஆணையத்தைப் பொறுத்தவரை, நீக்கும் முறையை விட நியமிக்கும் முறையைப் பாருங்கள். 2023-இன் சட்டப்படி தேர்வுக் குழுவில் பிரதமர், அவர் நியமிக்கும் ஓர் அமைச்சர், எதிர்க்கட்சித் தலைவர். மூன்றில் இரண்டு அரசின் கையில். என் பார்வையில் இது சரியான கணக்கு அல்ல.

புதிய திருத்த மசோதா ஒன்று வரும்போது நோக்கங்கள், காரணங்கள் பற்றிய அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மசோதாவின் பின்னிணைப்பில் மாற்றப்படும் பழைய பிரிவின் வாசகம் அச்சாகியிருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். 'எந்த நீதிமன்றத்திலும் கேள்வி எழுப்ப இயலாது' என்ற பொருளில் ஒரு வரி வந்தால் அங்கேயே நின்று, யாருடைய எந்த வழக்கு நிலுவையில் இருக்கிறது என்று தேடுங்கள். பிரதமரின் தேர்தலை நீதிமன்ற விசாரணைக்கு அப்பால் வைத்த 39-ஆவது திருத்தம் 1975 ஆகஸ்ட் 10 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றைய பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் மேல்முறையீடு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்த நாள் ஆகஸ்ட் 11.